கூண்டில் ஏறாத சாட்சி

1917 மார்ச் மாதம் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில், பிரதமர் லாயிட் ஜார்ஜை விஷம் வைத்துக் கொல்லச் சதி செய்தார்கள் என்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேரைக் கூண்டில் நிறுத்தினார்கள். ஒரு அம்மா, இரண்டு மகள்கள், ஒரு மருமகன். அம்மாவின் பெயர் ஆலிஸ் வீல்டன். வயது 51. டார்பி நகரத்தில் பேர் ட்ரீ சாலை 12ஆம் எண் வீட்டில் பழைய துணி வாங்கி விற்கும் கடை நடத்தி வந்தவர். மகள்கள் ஹெட்டி, வின்னி இருவரும் பள்ளி ஆசிரியைகள். வின்னியின் கணவர் ஆல்ஃப் மேசன் வேதியியல் தெரிந்தவர், சவுத்தாம்ப்டனில் வேலை. உலகப் போர் மூன்றாம் ஆண்டில் இருந்தது. போர்முனையில் ஆயிரக்கணக்கில் பையன்கள் செத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பழைய துணிக்கடைக்காரி ஒருவருக்கு எதிராக வாதாட நாட்டின் அட்டர்னி ஜெனரலே நேரில் வந்து நின்றார்.

வாக்குரிமைப் போராளிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் பெரிய இடத்துப் பெண்களின் பெயர்களே முன்னால் வரும். ஆலிஸ் அந்த வரிசையில் வருகிறவர் இல்லை. டார்பியில் உழைக்கும் குடும்பத்தில் பிறந்து, உள்ளூர்க் கூட்டங்களில் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டு, கடையையும் பார்த்துக்கொண்டு, நான்கு பிள்ளைகளை வளர்த்துப் படிக்கவைத்தவர். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்பதற்காக எம்மலின் பேங்க்ஹர்ஸ்டின் அமைப்பில் சேர்ந்து வேலை செய்தவர். சோஷலிஸ்ட். போர் என்று வந்ததும் தன் கொள்கையிலிருந்து ஒரு அங்குலம் நகராதவர். எனக்கு அவர்மேல் மரியாதை வருவது இந்தக் கடைசி விஷயத்தால்தான். ஏனென்றால் 1914 ஆகஸ்டில் நகர்ந்தவர்கள்தான் அதிகம்.

எம்மலின் பேங்க்ஹர்ஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை கண்ணாடிகளை உடைத்து, கடிதப் பெட்டிகளுக்குத் தீ வைத்து, சிறையில் பட்டினி கிடந்து அரசாங்கத்தை ஆட்டிப் படைத்த அமைப்பு அவருடையது. போர் தொடங்கியதும் போராட்டத்தை நிறுத்திவிட்டு, ஆண்களைப் பட்டாளத்துக்குப் போகச் சொல்லி மேடை மேடையாகப் பேசத் தொடங்கினார். மூத்த மகள் கிறிஸ்டபெல் அம்மா பக்கம். இன்னொரு மகள் சில்வியா போரை எதிர்த்து, கிழக்கு லண்டன் ஏழைப் பெண்களோடு தங்கிவிட்டார். ஒரே வீட்டுக்குள் பிளவு. நாடு முழுக்க அந்த இயக்கத்தில் இதே பிளவுதான். அந்தப் பிளவில் ஆலிஸ் சில்வியா நின்ற பக்கம் நின்றார். தனக்கு ஓட்டே கொடுக்காத அரசாங்கம், தன் மகனைக் கொலை செய்யக் கற்றுக்கொள் என்று கூப்பிடுகிறது. போகமாட்டான் என்று சொல்ல அவருக்குத் தத்துவ நூல்கள் எதுவும் தேவைப்படவில்லை.

மகன் வில்லியும் ஆசிரியர்தான். 1916 ஜனவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. 18 முதல் 41 வயது வரையிலான மணமாகாத ஆண்கள் எல்லோரும் படைக்குப் போகவேண்டும், சில மாதங்களில் மணமானவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மனசாட்சிப்படி மறுக்கிறவர்களுக்கு விலக்கு கேட்க வழி வைத்திருந்தார்கள். ஆனால் விலக்குக் கேட்டுப் போய் நிற்கவேண்டிய உள்ளூர்த் தீர்ப்பாயங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெரிய மனிதர்கள், ராணுவத்தின் பிரதிநிதியும் பக்கத்திலேயே இருப்பார். சுமார் 16,000 பேர் மறுத்தார்கள், அவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் சிறைக்குப் போனார்கள். 1916இல் 35 பேரை பிரான்சுக்குக் கொண்டுபோய் மரண தண்டனை வாசித்துக் காட்டி, அப்புறம் அதைப் பத்தாண்டுக் கடுங்காவலாக மாற்றினார்கள். சாவைக் காட்டிப் பயமுறுத்திப் பார்த்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கு மறுபுறம் ஓர் இரகசிய வழியும் உருவானது. படைக்குப் போக மறுத்து ஓடிவந்தவர்களுக்கு இரவு தங்க இடம், சாப்பாடு, மாற்றுத் துணி, அடுத்த ஊரில் யாரைப் பார்க்கவேண்டும் என்ற தகவல், முடிந்தால் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பும் ஏற்பாடு. ஆலிஸின் வீடு இந்த வழியில் ஒரு நிறுத்தம். ஹெட்டி கட்டாயச் சேவை எதிர்ப்பு அமைப்பின் டார்பிக் கிளைக்குச் செயலாளர். அன்றைய சட்டப்படி ஓடிவந்தவர்களை ஒளித்துவைப்பது குற்றம்தான், அது அந்தக் குடும்பத்துக்கு நன்றாகவே தெரியும். கடிதங்களில் சங்கேத எழுத்துகூடப் பயன்படுத்தினார்கள். அந்தச் சங்கேதத்துக்குத் திறவுகோலாக அவர்கள் வைத்திருந்த வாக்கியம் 'லாயிட் ஜார்ஜைப் புளித்த ஆப்பிள் மரத்தில் தொங்கவிடுவோம்' என்பது. குடும்பத்துக்குள் கோபமும் கேலியுமாகப் புழங்கிய வரி. பிறகு அது எப்படிப்பட்ட சாட்சியமாக மாறியிருக்கும் என்று உங்களுக்கே புரியும்.

1916 டிசம்பர் 27 அன்று ஒரு ஆள் வந்து சேர்ந்தான். அலெக்ஸ் கார்டன் என்று பெயர் சொன்னான். தானும் ஒரு மறுப்பாளன், போலீஸ் தேடுகிறது, ஒதுங்க இடம் வேண்டும் என்றான். கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள், நல்ல குளிர்காலம். ஆலிஸ் கதவைத் திறந்து, தங்க ஏற்பாடு செய்து கொடுத்தார். வந்தவனின் உண்மைப் பெயர் வில்லியம் ரிக்கார்ட். ஆயுதத் தளவாட அமைச்சகத்தின்கீழ் இயங்கிய பி.எம்.எஸ்.2 என்ற உளவுப் பிரிவின் ஆள். குற்றப் பின்னணி உள்ளவன், மனநிலை சரியில்லை என்று அடைத்து வைக்கப்பட்டிருந்தவன். இரண்டு நாள் கழித்து தன் 'தோழர்' ஒருவரை அழைத்து வந்தான், தோழர் பெர்ட், பட்டாளத்திலிருந்து ஓடிவந்தவராம். அவர் ஹெர்பர்ட் பூத். கார்டனுக்கு மேலதிகாரி.

இந்த உளவுப் பிரிவுக்கு அப்போது ஒரு பெரிய வழக்கு தேவையாக இருந்தது. அதன் உண்மையான கவலை யுத்தத் தளவாடத் தொழிற்சாலைகள். 1916 நவம்பரில் ஷெஃபீல்டில் பொறியியல் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்து அரசைப் பணியவைத்திருந்தார்கள். தொழிற்சாலைப் பிரதிநிதிகளின் இயக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. அதன் முக்கியத் தலைவர்களில் ஒருவரான ஆர்தர் மக்மேனஸ் ஹெட்டியின் காதலர், வீல்டன் வீட்டுக்கு வந்து போகிறவர். போர் எதிர்ப்பு, பெண் வாக்குரிமை, தொழிற்சங்கம் என்று அரசு அஞ்சிய எல்லாமே ஒரு துணிக்கடை வீட்டில் வந்து கூடியிருந்தது. ஒற்றர்கள் டார்பியில் அந்தக் கதவைத் தேர்ந்தெடுத்துத் தட்டியது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அடுத்து நடந்ததில்தான் இரண்டு கதைகள்.

ஆலிஸ் சொன்ன கதை இது. மறுப்பாளர்களை அடைத்து வைத்திருக்கும் முகாம்களைக் காவல் காக்க நாய்கள் இருக்கின்றன, அவற்றைக் கொன்றால் உள்ளே இருப்பவர்களை வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று கார்டன் சொன்னான். விஷம் கிடைக்குமா என்று கேட்டவன் அவன். கொடுத்தால் பதிலுக்கு வில்லியையும் மற்றச் சிலரையும் வெளிநாட்டுக்கு அனுப்ப உதவுகிறேன் என்றவனும் அவன்தான். ஆலிஸ் மருமகனுக்கு எழுதினார். ஜனவரித் தொடக்கத்தில் சவுத்தாம்ப்டனிலிருந்து தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. தகரப் பெட்டிக்குள் பஞ்சு சுற்றி வைத்த நான்கு சிறு குப்பிகள். ஸ்ட்ரிக்னினும் கியூராரேயும். கூடவே எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு கடிதம். 'ஏ' என்று எழுதிய பவுடரை இறைச்சியிலோ ரொட்டியிலோ வைக்கலாம், கிட்டே போக வாய்ப்புக் கிடைத்தால் நாய் பாவம், 20 விநாடியில் முடிந்துவிடும் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது.

அரசு சொன்ன கதை வேறு. லாயிட் ஜார்ஜ் கால்ஃப் விளையாடும் வால்டன் ஹீத் மைதானத்தில், காற்றுத் துப்பாக்கியால் கியூராரே தடவிய ஊசியை எய்து அவரைக் கொல்வது திட்டம். அமைச்சர் ஆர்தர் ஹெண்டர்சனும் பட்டியலில் உண்டு. கடிதத்தில் நாய் என்று எழுதியிருந்ததை நாய் என்றே படிக்க அரசுத் தரப்பு தயாராக இல்லை.

இங்கே ஸ்ட்ரிக்னின் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது நம் எட்டி மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கப்படுவது. 'எட்டி பழுத்தால் என்ன, ஈயாதவன் வாழ்ந்தால் என்ன' என்று சொல்வோமே, அதே எட்டி. பழம் ஆரஞ்சு நிறத்தில் பார்க்க அத்தனை அழகாக இருக்கும், உள்ளே இருக்கும் தட்டையான கொட்டைதான் எமன். தெருநாய்களை ஒழிக்க ஸ்ட்ரிக்னின் வைத்த காலம் நம் நாட்டிலும் இருந்தது. எனவே நாய்க்கு ஸ்ட்ரிக்னின் என்பது எனக்கு ஜோடித்த கதையாகவே தோன்றவில்லை. கியூராரே விஷயம் வேறு. ஒருவகைக் கியூராரே எட்டியின் தென் அமெரிக்க உறவுக் கொடியிலிருந்துதான் கிடைக்கிறது. ஆனால் அது ரத்தத்தில் நேராகக் கலந்தால்தான் வேலை செய்யும், சாப்பாட்டில் கலந்து போட்டால் அவ்வளவாகப் பிடிக்காது. இறைச்சியில் வைத்து நாய்க்குப் போட அது எதற்கு? இந்தக் கேள்வி ஆலிஸின் கதையில் ஒரு ஓட்டை என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆல்ஃப் கையில் கிடைத்ததையெல்லாம் அனுப்பினாரா, கார்டன் குறிப்பிட்டுக் கேட்டானா? இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். அவனை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரவே இல்லை!

ஜனவரி கடைசியில் கைது செய்தார்கள். ஹெட்டியை இல்கெஸ்டனில் அவர் வேலை பார்த்த பள்ளியிலேயே பிடித்தார்கள். டார்பியில் முதல் விசாரணை நடந்தபோதே பத்திரிகைகள் தீர்ப்பு எழுதிவிட்டன. அப்புறம் வழக்கை லண்டனுக்கு மாற்றினார்கள். மார்ச் 6 முதல் 10 வரை விசாரணை, நீதிபதி லோ. அரசுத் தரப்பில் அட்டர்னி ஜெனரல் எஃப்.ஈ. ஸ்மித். அயர்லாந்து விடுதலைப் போராளி ரோஜர் கேஸ்மென்ட்டைத் தூக்குக்கு அனுப்பிய வழக்கை முந்தைய ஆண்டு நடத்தியவர், பெண்களுக்கு ஓட்டுக் கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்தவரும்கூட. இந்தப் பக்கம் வாதாடியவர் சையத் ஹைதான் ரிசா, அண்மையில்தான் வழக்கறிஞராகத் தேறியிருந்தார். அன்றைக்கு நிலவிய சூழலில் இந்தக் குடும்பத்துக்காக வாதாட வந்ததே ரிசாவின் துணிச்சல்.

கார்டன் எங்கே என்று ரிசா கேட்டார். தேசத்தின் நலன் கருதி அவரைச் சாட்சியாக அழைக்கமுடியாது என்றார் ஸ்மித். நீதிபதியும் ஒத்துக்கொண்டார். பூத் வந்து சாட்சி சொன்னார். ஆனால் அந்த வீட்டில் முதலில் நுழைந்தவன், ஆலிஸோடு தனியாகப் பேசியவன், விஷப் பேச்சு யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று அறிந்தவன் கார்டன்தான். நம் ஊர் சதி வழக்குகளைப் படித்திருக்கிறவர்களுக்கு அப்ரூவர் என்ற பாத்திரம் பழக்கம். கூட இருந்தே காட்டிக்கொடுத்த கருங்காலி என்று ஊர் தூற்றினாலும் அவன் கூண்டில் ஏறியாக வேண்டும், குறுக்கு விசாரணையைத் தாங்கியாக வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் அவனைப் பிய்த்து எடுக்கும்போது உண்மை கொஞ்சமாவது சிந்தும். ஆலிஸுக்கு அந்த வாய்ப்பைக்கூடத் தரவில்லை. சதி வழக்கில் காரியம் நடந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை, இரண்டு பேர் பேசி ஒப்புக்கொண்டாலே போதும். அப்படியானால் அந்தப் பேச்சுதானே முழு வழக்கும்? பேசியவர்களில் ஒருவனை அரசு ஒளித்து வைத்துக்கொண்டு மற்றவருக்குத் தண்டனை கேட்பது எந்த ஊர் நியாயம்?

ரிசாவுக்கு ஒரு கட்டத்தில் பொறுமை போய்விட்டதோ என்னவோ, நெருப்பில் நடந்து குற்றமின்மையை நிரூபிக்கிற பழங்கால முறையிலாவது இவர்களைச் சோதித்துப் பாருங்கள் என்கிற அளவுக்குப் போனார். சட்டப்படி அந்தக் கோரிக்கைக்கு மதிப்பில்லை. அவர் திறமை போதவில்லை என்று பின்னால் சிலர் குறைசொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முக்கியச் சாட்சியைக் கண்ணில் காட்டமாட்டோம் என்று சொல்லும் நீதிமன்றத்தில் எந்தப் பெரிய வக்கீல் எதைக் கிழித்திருப்பார்?

ஆலிஸைக் குற்றமற்ற பச்சைக் குழந்தையாகக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. அவர் வாய் பொல்லாத வாய். லாயிட் ஜார்ஜ் லட்சக்கணக்கான அப்பாவிகளின் சாவுக்குக் காரணமானவர், அவர் சாகவேண்டும் என்று கெட்ட வார்த்தையோடு சொன்னதாக பூத் சாட்சி சொன்னார். தனக்கிருந்த வெறுப்பை ஆலிஸ் கூண்டிலும் மறைக்கவில்லை. அம்மாவும் மகள்களும் கடிதங்களில் எழுதியிருந்த வசவுகளை நீதிமன்றத்தில் வாசித்துக் காட்டினார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற பெண்கள் பேசுகிற பேச்சா இது என்று நீதிபதி முகம் சுளித்தார். படிக்கும்போது எனக்கு ரத்தம் கொதித்த இடம் இது. ஆண்கள் பேசாத வசவா? போரை எதிர்க்கிறவர் என்றால் எந்நேரமும் மெல்லிய குரலில், கைகூப்பி, புன்னகையோடு பேசவேண்டும் என்று நாம் எல்லோருமே எங்கோ எதிர்பார்க்கிறோம். மகனைத் தேடிப் போலீஸ் அலைகிறது, பக்கத்துத் தெருப் பையன்களின் சாவுத் தந்தி வந்துகொண்டே இருக்கிறது, இந்த நிலையில் ஒரு தாய் பிரதமரைத் திட்டித் தீர்த்தால் அது கொலைத் திட்டமா? வசவையும் சதியையும் பிரித்துப் பார்ப்பதற்காகத்தானே நீதிமன்றம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம்.

விசாரணையின் முடிவில் இன்னொன்று நடந்தது. லாயிட் ஜார்ஜைக் கொல்ல, காலணிக்குள் விஷ ஆணி வைக்க, வாக்குரிமை இயக்கம் முன்பு 300 பவுண்ட் செலவழித்தது என்று ஆலிஸ் சொன்னதாக ஒரு சாட்சியம் வந்திருந்தது. அதை மறுக்க எம்மலின் பேங்க்ஹர்ஸ்ட் நேரில் வந்து கூண்டேறினார். எங்கள் அமைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிரதமரின் உயிர் நாட்டுக்கு மிக முக்கியம் என்ற தொனியில் பேசிவிட்டுப் போனார். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1913 பிப்ரவரியில், இதே வால்டன் ஹீத் பக்கத்தில் லாயிட் ஜார்ஜுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் வாக்குரிமைப் போராளிகள் குண்டு வைத்தார்கள். அதற்குப் பொறுப்பேற்று மூன்றாண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றவர் இந்த எம்மலின் பேங்க்ஹர்ஸ்ட். தலைவி என்று நம்பிப் பின்னால் நடந்த ஒரு பெண் கூண்டில் நிற்கும்போது, அவர் வந்து தன் அமைப்பின் பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டார். அவருடைய சிலை பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, நிற்கட்டும், அவர் செய்ததும் சிறிய காரியமில்லை. ஆனால் இந்த ஒரு நாளை நான் அவர் கணக்கிலிருந்து தள்ளமாட்டேன்.

ஹெட்டி விடுதலை. ஆலிஸுக்குப் பத்தாண்டு, ஆல்ஃபுக்கு ஏழாண்டு, வின்னிக்கு ஐந்தாண்டுக் கடுங்காவல். மேல்முறையீடு அந்த மாதமே தள்ளுபடி ஆனது.

ஆலிஸை எய்ல்ஸ்பரி சிறையில் வைத்தார்கள். அவர் அங்கே அடங்கி இருக்கவில்லை. உண்ணாவிரதம் இருந்தார், விட்டார், மறுபடி இருந்தார். உடம்பு சரிந்துகொண்டே போனது. அவர் சிறையில் செத்துவிட்டால் தியாகி ஆகிவிடுவார் என்ற பயம் அரசுக்கு. கடைசியில் லாயிட் ஜார்ஜே சொல்லி, 1917 டிசம்பர் 31 அன்று நிபந்தனையின் பேரில் வெளியே விட்டார்கள். பத்தாண்டுத் தண்டனை பத்து மாதத்துக்குள் முடிந்தது. பிரதமரைக் கொல்லத் திட்டமிட்டவர் என்று அவர்கள் உண்மையிலேயே நம்பியிருந்தால், அதுவும் போர் நடந்துகொண்டிருக்கும்போது, விட்டிருப்பார்களா?

கார்டனைக் கையில் காசு கொடுத்துத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். பி.எம்.எஸ்.2 பிரிவையும் 1917லேயே கலைத்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1918 பிப்ரவரி 6 அன்று, 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அந்த வாரம் எத்தனையோ வீடுகளில் கொண்டாட்டம் இருந்திருக்கும். ஆலிஸ் சிறையிலிருந்து வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ஊர் ஒதுக்கி வைத்திருந்தது, கடை போயிற்று. ஹெட்டி நிரபராதி என்று தீர்ப்பாகியும் ஆசிரியை வேலை திரும்பக் கிடைக்கவில்லை. 1919 ஜனவரியில் வின்னியும் ஆல்ஃபும் வெளியே வந்தார்கள். அடுத்த மாதமே, பிப்ரவரி 21 அன்று, அந்தக் காலத்தில் உலகத்தையே வாரிக்கொண்டுபோன இன்ஃப்ளூயன்சாவில் ஆலிஸ் இறந்தார். சிறை அவர் உடம்பில் எதிர்த்து நிற்க எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை.

டார்பியின் நாட்டிங்காம் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பாதிரியாரோ பிரார்த்தனையோ இல்லை. வில்லி ஒரு செங்கொடியை எடுத்துச் சவப்பெட்டிமேல் போர்த்தினார். தலைமறைவாக இருந்த சோஷலிஸ்ட் ஜான் எஸ். கிளார்க் வந்து பேசினார், ஓர் ஏழைக் குடும்பத்தைச் சிறைவரையும் கல்லறைவரையும் துரத்தியவர் என்று லாயிட் ஜார்ஜைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டினார். யாராவது வந்து சிதைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் குழிமேல் பெயர்க்கல் வைக்கவில்லை.

ஹெட்டி மக்மேனஸைத் திருமணம் செய்துகொண்டு, 1920இல் பிரசவத்தை ஒட்டிய நோயில் இறந்துபோனார். அந்த மக்மேனஸ்தான் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் தலைவர். வில்லி 1921இல் சோவியத் ரஷ்யாவுக்குப் போனார். மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து, அங்கேயே குடிமகனாகி வாழ்ந்தார். 1937இல் ஸ்டாலினின் களையெடுப்பில் அவரையும் கைது செய்து சுட்டுக் கொன்றார்கள். போருக்குப் போகமாட்டேன் என்று சொன்னதற்காக ஒரு நாட்டில் வேட்டையாடப்பட்டு, சமத்துவ நாடு என்று நம்பிப் போன இடத்தில் உயிரை விட்டவர். தன் மகனைக் கொல்லவும் சாகவும் அனுப்பமாட்டேன் என்று ஆலிஸ் இழுத்துப் பிடித்ததை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படித்தால் அடிவயிறு பிசைகிறது.

2013இல் பேர் ட்ரீ சாலைக் கட்டடத்தில் ஆலிஸ் பெயரில் நினைவுப் பலகை வைத்தார்கள். வின்னி, ஆல்ஃப் வழிவந்த கொள்ளுப்பேத்திகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள், டார்பி மக்களோடு சேர்ந்து தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அவர்கள் முன்வைக்கும் முக்கிய வாதம் 1917இல் ரிசா கேட்ட அதே கேள்விதான்: கார்டனை ஏன் கூண்டில் ஏற்றவில்லை?